தாய் விருந்தில் எங்கள் அத்தை

“தாய்ச் சாப்பாடுன்னா நம்ம வீட்டுச் சாப்பாடுதானடி? அதுக்குப் போய் ஆளுக்கு நாலாயிரம் ரூபாயா?”

என் மாமியார் இப்படிக் கேட்டதும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “தாய்னா அம்மா இல்லே அப்பாயி, தாய்லாந்து! அந்த ஊர்ச் சாப்பாடு. எல்லாம் கடல் அயிட்டம். ஏழு தினுசு ஒண்ணு ஒண்ணா கொண்டுவந்து வைப்பாங்க.”

‘கடல் அயிட்டம்’ என்று அவள் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. இவரைப் பார்த்தேன். இவரும் என்னைப் பார்த்தார். அத்தை ஒன்றும் சொல்லாமல் பேரனுக்குச் சட்டை மாட்ட எழுந்து போய்விட்டார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது உங்களுக்குப் புரியாது. அத்தைக்குப் பிறந்த ஊர் நாகப்பட்டினம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து அறுபது வருஷம் ஆகப் போகிறது என்றாலும், அவருடைய ஒரே தங்கை கீச்சாங்குப்பத்தில்தான் இருந்தார். கரையில் ஏலம் எடுத்து விற்பது, மிஞ்சியதைக் கருவாடு போடுவது, இதுதான் தொழில். மாதம் ஒரு முறை யாராவது சென்னைக்கு வந்தால் ஒரு கூடை நிறைய மீன் வந்துவிடும். கொடுவா மீன் வந்தால் அத்தைக்குத் திருவிழாதான். அக்காளும் தங்கையும் சின்ன வயதில் கொடுவாத் தலைக்குப் போட்ட சண்டையை அத்தை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். சின்ன அத்தையும் போனார். உடல் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் சென்னையில் பலர் வாரக்கணக்கில் மீன் வாங்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் கூடைக்காரம்மாக்கள் வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எல்லாரும் மறந்துவிட்டோம். அத்தை மறக்கவில்லை. எங்களுக்கு ஆய்ந்து கொடுப்பார், குழம்பு கூட்டிக் கொடுப்பார், உப்பு பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். தன் இலையில் மட்டும் கடல் மீன் விழ விடமாட்டார். வருஷத்தில் ஒரு தடவை ஏரி விரால் கிடைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். நாங்களும் ஏன் என்று கேட்டதில்லை. என் மகள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. ‘அப்பாயிக்கு மீன் பிடிக்காது’ என்று மட்டுமே அவளுக்குத் தெரியும்.

இப்போது அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிறாள். பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் முன்கூட்டியே பணம் கட்டி மேஜையும் பிடித்துவிட்டாள். கட்டிய பணம் திரும்பாதாம்! நான் மெதுவாக அத்தையிடம் போய், “நீங்க வரலேன்னா நானும் வரலே” என்றேன். “பொண்ணு ஆசையா கூப்பிடறா. நான் வந்து உக்காந்திருக்கேன், நீங்க சாப்பிடுங்க” என்றார்.

போன வருஷம் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள். மந்தைவெளியிலிருந்து கிளம்பி, மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளங்களை எல்லாம் சுற்றி, டி.டி.கே. சாலையைப் பிடிப்பதற்குள் பேரன் தூங்கியே போய்விட்டான். இவருக்கு அது இன்னமும் மௌப்ரீஸ் ரோடுதான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், பழைய பெயர்களை விடமாட்டார்.

இந்தச் சாலைக்கும் தாய் சமையலுக்கும் பழைய உறவு உண்டு. ‘பெஞ்சரோங்’ என்ற பெயரில் ஓர் உணவகம் 2000-களின் தொடக்கத்திலேயே இங்கே வந்து, வசதி உள்ளவர்களுக்குத் தேங்காய்ப்பால் குழம்பைப் பழக்கிவிட்டது. பெஞ்சரோங் என்றால் ஐந்து வண்ணம் தீட்டிய தாய்லாந்துப் பீங்கான். ‘பஞ்சரங்கம்’ என்ற வடமொழிச் சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. நாங்கள் போனது அதுவல்ல, வேறு இடம். பெயரைச் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. அடேயப்பா, அவ்வளவு இருட்டு! பாதி விளக்கைப் போட்டுவிட்டு முழு விலை வாங்குகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். பரிமாற வந்த பையன் மிசோரம் மாநிலத்துக்காரன். நாலு வருஷமாகச் சென்னையில் இருக்கிறானாம், “அம்மா, உக்காருங்கம்மா, தண்ணி வேணுமாம்மா” என்று அழகாகத் தமிழ் பேசினான். அத்தைக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

இந்த ‘டேஸ்டிங் மெனு’ விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாமாக ஒன்றும் கேட்க முடியாது. சமையல்காரர் தீர்மானித்ததைச் சின்னச் சின்னத் தட்டில் வரிசையாகக் கொண்டுவருவார்கள். கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில் 2017-இல் ‘ஆவர்த்தனா’ என்று ஒன்றைத் திறந்து, நம் ரசத்தையே தெளிய வைத்துக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துப் பெயர் வாங்கினார்களே, அதுவும் இந்த முறைதான். யோசித்துப் பார்த்தால் நம் கல்யாணப் பந்தியிலும் நாம் கேட்டா வைக்கிறார்கள்? வித்தியாசம் என்னவென்றால், பந்தியில் இலை நிறையும். இங்கே தட்டில் பாதிக்கு மேல் காலி இடம்தான்.

பையன் முதலில் கேட்ட கேள்வி, “யாருக்காவது அலர்ஜி இருக்காம்மா?” இது நல்ல பழக்கம். இறால், நண்டு, வேர்க்கடலை மூன்றும் இந்தச் சமையலில் மாறி மாறி வரும். சில குழந்தைகளுக்கு இவற்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உதடு வீங்கும், தடிப்பு வரும், மூச்சுத் திணறலும் வரும். வீட்டில் ஒரு முறையாவது அப்படி ஆகியிருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். முழு வேர்க்கடலையைச் சின்னக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மூன்று வயதுப் பேரனுக்கு வெறும் சாதமும், நிறைய எண்ணெயில் உப்பலாகப் பொரித்த தாய் ஆம்லெட்டும் சொன்னோம். அன்றைக்கு எல்லாரையும் விட வயிறாரச் சாப்பிட்டவன் அவன்தான்!

நான் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரியம்மாவுக்குக் கடல் மீன், இறால் எதுவும் வேண்டாம்” என்று சொன்னேன். அவன் யோசித்து, “பிஷ் சாஸ்?” என்றான்.

இதை மரக்கறி சாப்பிடும் மயிலாப்பூர் சகோதரிகள் கவனிக்க வேண்டும். நாம் உப்பு போடுகிற இடத்தில் எல்லாம் அவர்கள் ‘நாம் ப்ளா’ என்ற மீன் தண்ணீரை ஊற்றுவார்கள். நெத்திலி மீனையும் உப்பையும் அடுக்கி, ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஊற வைத்து, வடித்து எடுப்பது. பார்க்க டிக்காஷன் மாதிரி இருக்கும். மசாலா விழுதிலோ ‘கப்பி’ என்கிற இறால் விழுது சேர்ந்திருக்கும். ஆகவே ‘வெஜிடபிள் கிரீன் கறி’ என்று அட்டையில் போட்டிருக்கிறதே என்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிடாதீர்கள், விழுதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் ப்ளா ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

“பெரியம்மா தட்டில் அதுவும் வேண்டாம்” என்றேன். தலையாட்டினான்.

முதலில் வந்தது ஓர் இலை. வெற்றிலைக்குத் தங்கை என்று சொல்லலாம், அவ்வளவு ஜாடை. அதில் வறுத்த தேங்காய், இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு நறுக்கிய எலுமிச்சை, வேர்க்கடலை, மிளகாய், காய்ந்த இறால் எல்லாவற்றையும் மணி மணியாக வைத்து, மேலே வெல்லப்பாகு மாதிரி ஒன்றை ஊற்றி, மடித்து ஒரே வாயாகப் போட வேண்டும். ‘மியாங் கம்’ என்று பெயர். காய்ந்த இறால் என்று பையன் பெருமையாகச் சொன்னதை நான் உற்றுப் பார்த்தால், நம் சென்னாக்கூனியின் அண்ணன்! “சாப்பாட்டுக்கு முன்னாடியே தாம்பூலமா?” என்று கேட்டுக்கொண்டே அத்தை, இறால் இல்லாத தன் இலையை மடித்த அழகைப் பார்க்க வேண்டுமே. எங்கள் எல்லாருடைய மடிப்பும் பிரிந்து போயிற்று. அவருடையது மட்டும் பீடா மாதிரி நின்றது.

இரண்டாவது ‘தோம் யாம் குங்’. இறால் போட்ட புளிப்பு ரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தைக்கு இறாலுக்குப் பதில் காளான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கரண்டியால் அடியில் துழாவி ஒரு சில்லை எடுத்து மோந்து பார்த்தார்.

“ஏம்மா, இது அரத்தை இல்லே?”

அரத்தையேதான். நாம் பிள்ளைக்குச் சளி பிடித்தால் உரசிக் கொடுக்கிறோமே சித்தரத்தை, அதன் பெரிய உருவமான பேரரத்தை. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடையில் காய்ந்த துண்டாக வாங்கி வருவதை, அங்கே பச்சையாக வில்லை வில்லையாக நறுக்கி ரசத்தில் போடுகிறார்கள். கூடவே எலுமிச்சைப் புல். அப்புறம் ஒரு முரட்டு எலுமிச்சை இலை. நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும் சேர்த்து நாம் இடிக்கிற வேப்பிலைக்கட்டி ஞாபகம் இருக்கிறதா? மூடியைத் திறந்ததும் அதே வாசனை! துளசியை இவர்கள் கீரை மாதிரி வதக்கவே செய்கிறார்களாம். “துளசியையா!” என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டார். நாம் மருந்து டப்பாவில் வைத்திருப்பதை அவர்கள் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மிளகாய் மட்டும் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்த பிறகு இரண்டு நாட்டுக்கும் கிடைத்த சரக்கு அது.

மூன்றாவதைப் பார்த்ததும் என் மகள், “அம்மா, குழிப்பணியாரம்!” என்று கூவிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, சாட்சாத் நம் பணியாரக் கல் மாதிரியே குழிக் கல்லில் ஊற்றி எடுத்த ‘கனோம் க்ரோக்’. உச்சியில் ஓர் இறால். ஆளுக்கு இரண்டே இரண்டு. செட்டிநாட்டு ஆச்சிகள் பார்த்தால் சிரிப்பார்கள்.

நாலாவது, பச்சைப் பப்பாளிக்காயைத் துருவி, காராமணிக்காயும் கணவாயும் சேர்த்து இடித்த சாலட். மூக்கில் நீர் வரும் காரம். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. மசக்கைக்காரப் பெண்களுக்கு மட்டும் ஒன்று. ‘பப்பாளி ஆகாது’ என்று பாட்டிமார் சொல்வதில் காயைப் பொறுத்தவரை அர்த்தம் இருக்கிறது. காயில் உள்ள பால் கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்பதால் மருத்துவர்களும் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். நன்றாகப் பழுத்த பழத்துக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இதற்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மணி நேரம் ஆயிற்று. இவருக்குச் சும்மா இருக்க முடியுமா? சரித்திரப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். மார்கழியில் நாம் பாடுகிற திருவெம்பாவை, திருப்பாவை பெயர்களைச் சேர்த்து ‘திரியம்பாவை, திரிபாவை’ என்று பாங்காக்கில் ஒரு விழா உண்டு. அதில் பெரிய ஊஞ்சல் கட்டி ஆடுவதை 1935-இல் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார். பிறகு தக்குவாபா கல்வெட்டுக்குப் போனார். தாய்லாந்தின் மேற்குக் கரையில், அந்தமான் கடலைப் பார்த்த ஊர் தக்குவாபா. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், 9-ஆம் நூற்றாண்டில், நம் வணிகர்கள் அங்கே ‘அவனிநாரணம்’ என்று ஒரு குளம் வெட்டி, மணிக்கிராமத்தார் பொறுப்பில் விட்டதைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தவர், “அப்போ அதுவும் நம்ம கடல்தானா?” என்றார்.

“நம்ம கடலுக்கு அந்தப் பக்கம்மா. நாகப்பட்டினத்திலேருந்து நேர் கிழக்கே போனா அந்தமான், அதையும் தாண்டினா அவங்க கரை.”

“அங்கேயும் வந்துச்சாடா?”

எது என்று யாரும் கேட்கவில்லை. இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, “ஆமாம்மா. அதே நாள் காலையிலே. அந்தத் தக்குவாபா பக்கந்தான் அவங்க ஊர்லேயே ரொம்ப அடி. அயிஞ்சாயிரம் பேருக்கு மேலே” என்றார். என் மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் மெல்லப் புரிய ஆரம்பித்தது என்று முகத்தில் தெரிந்தது. அத்தை மேஜை மேலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்? நீளமான தட்டில், கீழே சின்ன விளக்கு எரிய, முழு மீன் ஒன்று. தலை, வால் எல்லாம் இருந்தபடியே ஆவியில் வேக வைத்து, மேலே எலுமிச்சைச் சாறு, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி. பையன், “ப்ளா கப்போங் நெங் மனாவ்” என்று மந்திரம் போலச் சொல்லி வைத்துவிட்டு, “சீ பாஸ்” என்றான்.

அத்தை தட்டைப் பார்த்தார். “கொடுவா” என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் அத்தை பையனைக் கூப்பிட்டார். “தம்பி, இது கடல்ல புடிச்சதா, குளத்துல வளர்த்ததா?”

அவன் உள்ளே போய், சமையல்காரரையே கேட்டுவிட்டு வந்தான். “வளர்ப்பு மீன்தாம்மா. இப்போ போட் எல்லாம் போகாது இல்லே, தடை.”

அவன் சொன்னது சரிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். நாட்டுப் படகுகள் கரையோரமாகப் போய்வரும், ஆனால் அந்த மீன் போதாது. பெரிய ஓட்டல்கள் அப்போது வளர்ப்பு மீனைத்தான் நம்பியிருக்கும்.

கொடுவாவை வளர்ப்பது லேசான காரியம் இல்லை என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலும் ஆறும் கலக்கிற கழிமுகத்து மீன் அது. முட்டையிலிருந்து வரும்போது ஏறக்குறைய எல்லாமே ஆண். சில வருஷம் ஆணாக இருந்துவிட்டுப் பிறகு பெண்ணாக மாறிவிடும்! இதைத் தொட்டியில் வைத்து முதலில் முட்டையிட வைத்தவர்கள் தாய்லாந்துக்காரர்கள்தான், 1970-களின் தொடக்கத்தில். நம் நாட்டில் அதைச் சாதித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், சாந்தோம் நெடுஞ்சாலையில். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் என்று பலகை இருக்கும், 1987-இல் வந்தது. அவர்கள் முட்டுக்காட்டில் 1997-இல் கொடுவாவைப் பொரிக்க வைத்தார்கள். எத்தனை தடவை அந்தக் கேட்டைத் தாண்டிக் காய்கறிப் பையோடு போயிருப்பேன், என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

அத்தை கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடலையே பாக்காத மீனா?” என்று இவரிடம் மறுபடி கேட்டுக்கொண்டார்.

“ஆமாம்மா.”

“அப்போ தலையை இந்தப் பக்கம் தள்ளு.”

பையன் ஸ்பூனும் முள்கரண்டியுமாக மீனைப் பிரிக்க வந்தான். அத்தை அவனைத் தடுத்துவிட்டு, கையாலேயே செவுள் பக்கம் லேசாக அழுத்தித் தலையைத் தனியாக எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். கன்னத்துச் சதையை முதலில் எடுத்தார். அப்புறம் கண். அப்புறம் ஒவ்வொரு எலும்பாக. அந்த இருட்டிலும் ஒரு முள்கூட அவரை ஏமாற்றவில்லை. நாங்கள் யாரும் பேசவில்லை. என் மகள் மட்டும் மூக்கை உறிஞ்சினாள். காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

“தங்கச்சி இருந்தா பாதி கேட்டிருப்பா” என்றார் அத்தை, விரலைச் சப்பிக்கொண்டே. இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைச் சாப்பாட்டு வேளையில் நான் கேட்டதே இல்லை.

அந்த மூன்றாவது வாயில்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த எலுமிச்சைச் சாற்றின் நிறம்! அத்தை தட்டில் மட்டும் நாம் ப்ளா வேண்டாம் என்று நான் சொன்னேன், மேஜைக்குப் பொதுவாக வந்த மீனைப் பற்றிச் சொல்லவில்லை. நெத்திலித் தண்ணீர் அதில் தாராளமாகவே விட்டிருந்தார்கள். தப்பு என்னுடையதுதான், பையனைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லிவிடுவதா, வேண்டாமா? அவர் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகையை அத்தைக்கு நான்தான் வாசித்துக் காட்டுவது வழக்கம். கண் சரியாகத் தெரிவதில்லை அவருக்கு. இந்த ஒரு பாராவை மட்டும் தாண்டிப் போய்விடலாம் என்று இருக்கிறேன்.

ஆறாவதாக, மஞ்சள் அரைத்த தேங்காய்ப்பாலில் நண்டுச் சதை, அந்த வெற்றிலைத் தங்கையைக் கிழித்துப் போட்டு. கூடவே இடியாப்பம் போன்ற அரிசிச் சேமியா. தென் தாய்லாந்துச் சமையல் என்றான் பையன். நண்டை உரித்தே போட்டிருந்தார்கள், அந்த ஒரு சௌகரியத்துக்காகவே கொடுத்த காசில் பாதி தகும்! கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசியும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி போலப் பிசுபிசுவென்று, தேங்காய்ப்பால் ஊற்றி. மாம்பழம் நம்முடையதே, நன்றாக இருந்தது. அரிசி ஒரு கைப்பிடி கூட இல்லை.

பில்லைப் பார்த்தபோது எங்கள் வீட்டின் ஒரு வருஷத்துப் பால் கணக்கு நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை போவோமா என்றால், போகமாட்டோம். ஆனால் அந்த மீனை விட முடியவில்லை.

ஜூன் கடைசியில், தடை முடிந்த பிறகு, நொச்சிக்குப்பம் லூப் சாலையில் 2024-இல் திறந்தார்களே புது மீன் அங்காடி, அங்கே போய்க் கொடுவா கேட்டேன். “வளர்ப்பா?” என்று நான் இழுத்ததும் அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! “வளர்ப்பா? என்னக்கா கேட்டுட்டே! விடியக்காலம் கடல்ல புடிச்சது, செவுளைத் தூக்கிப் பாரு!” எல்லாரும் கடல் மீன்தானா என்று அவளிடம் சந்தேகப்படுவார்கள், வளர்ப்பு மீன்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவள் நான் ஒருத்திதானாம். பாவம், அவளிடம் என்னவென்று சொல்வேன்? வஞ்சிரம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்து, பிறகு அடையாறில் ஒரு கடையில் சொல்லி வைத்து, ஒன்றே கால் கிலோவில் வளர்ப்புக் கொடுவா வாங்கினேன்.

செய்முறை ரொம்பச் சுலபம். மீனை இரண்டு பக்கமும் மூன்று கீறல் கீறி, வயிற்றில் இரண்டு எலுமிச்சைப் புல்லை நசுக்கி வைத்து, இட்லிப் பானையில் வாழையிலை போட்டுப் பதினைந்து நிமிஷம் ஆவி காட்டினால் போதும். சதை எலும்பை விட்டு விலகினால் பதம். வேகும்போது இலையில் ஊறுகிற தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதோடு நாலு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு பிடி பூண்டும் ஐந்தாறு பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கியது, கொத்தமல்லித் தண்டு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, உப்பு சேர்த்துச் சூடாக மேலே ஊற்ற வேண்டியதுதான். எலுமிச்சையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் கசந்துவிடும். நாம் ப்ளா நான் வாங்கவில்லை. உப்பு போட்டதில் ருசி குறையவும் இல்லை.

அத்தை பக்கத்திலேயே நின்று, “இஞ்சியையும் நாலு கீத்துப் போடு, கவிச்சு போகும்” என்றார். போட்டேன். தட்டில் வைத்ததும் தலை வழக்கம்போல் அவர் பக்கம் போயிற்று. பேரன் தன் குட்டிக் கையை நீட்டி, “எனக்கு கண்ணு” என்றான். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கண்ணை எடுத்து அவன் வாயில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

“அடுத்த தடவை கொஞ்சம் பெரிய தலையா பாத்து வாங்கு.”